எண்பது சொற்களுக்குள்

கவுண்டியிலிருந்து கடிதம் வந்தது:
தலைமை நீதிபதியின் பொறுப்பு, பணிப்பின்னணி
எண்பது சொற்களுக்குள் எழுதியனுப்புக.
படம் ஒன்றும் இணைக்க.
முன்வாசல் சுவரில் பலகை வைக்கப் போகிறார்களாம்.

எழுத வேண்டியவன் நான்,
பதினோரு ஆண்டாக இந்த மன்றத்தின் எழுத்தன்.

'தலைமை'யிலேயே பேனா நின்றது.
ஒரே ஒரு நீதிபதி இருக்கிற மன்றத்தில்
நான் யாருக்குத் தலைமை, ராய்ஸ்?
என்றார் ஆர்லிஸ் ட்வைட்.
ஹீட்டருக்கு, என்றேன்.
அது அன்றைக்கும் கீழ்ப்படியவில்லை.

மொன்டானாவின் வடக்கு ஓரம்.
சுவருக்கு அந்தப் பக்கம் தீயணைப்பு வண்டி,
இந்தப் பக்கம் நாங்கள்:
அவிழ்ந்து ஓடிய நாய்,
பருவம் தவறிச் சுட்ட மான்,
வேலி எவருடையது, வாடகை எவ்வளவு பாக்கி,
எப்போதாவது
பூட்ஸில் சேறோடு வந்து நிற்கும் ஒரு கல்யாண ஜோடி.

சட்டக் கல்லூரி வாசலை அவர் மிதித்ததில்லை.
இங்கே அது கட்டாயமும் இல்லை.
பயிற்சி, தேர்வு,
நான்காண்டுக்கு ஒருமுறை ஊராரின் வாக்கு.
தபாலில் தருவித்த கறுப்பு அங்கி நீளம் அதிகம்.
கீழ்விளிம்பை என் ஸ்டேப்ளரால்தான் மடித்தோம்.

முதல் வேலை, தானியக் கிடங்கில் எடைச்சீட்டு எழுதுவது.
(தராசு என்றதும் உவமை தேடாதே
என்று ஓரத்தில் பென்சிலால் எழுதித் தந்தார்.)
அதன்பின் பத்தொன்பது ஆண்டு
ஷெரீஃப் அலுவலகத்து இரவுத் தொலைபேசி.
தீ, விபத்து, மூச்சுத் திணறல்,
பனியில் புதைந்த டிரக்.
குரல்கள் மட்டும்.
முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல
இன்னும் பழகவில்லை என்பார்.
சாட்சி பேசும்போது அவர் கண்ணை மூடுவதைத்
தூக்கமென்று புகார் எழுதியவர்கள் உண்டு.
கோப்பில் இரண்டு இருக்கின்றன.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
டிரெய்லர் வீட்டு வாடகை வழக்கு.
பிரதிவாதி வெண்டல் ஹோக்ஸ்ட்ரா, அறுபது கடந்தவர்,
கையில் தொப்பி.
பெயரைச் சொன்னார், அவ்வளவுதான்.
நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

இந்தக் குரலை எனக்குத் தெரியும், என்றார்.
பத்துப் பன்னிரண்டு குளிர்காலம்
விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவர் அழைப்பார்.
சாலை எப்படி இருக்கிறது என்று கேட்பார்.
எங்கும் போவதற்காக அல்ல.
நான் சொல்வேன். இரண்டு நிமிடம்.
பெயர் கேட்டதில்லை.

வீட்டுக்காரர் தோளைக் குலுக்கினார்,
எனக்கு ஆட்சேபணை இல்லை.
எனக்கு இருக்கிறது, என்றார் நீதிபதி.

வழக்கு பக்கத்துக் கவுண்டிக்குப் போனது.
பக்கம் என்பது எண்பத்து நான்கு மைல்.
அதில் பாதி, பனிக்காற்று படுத்துறங்கும் மேட்டுநிலம்.
நியாயம்தான்.
ஆனால் ஹோக்ஸ்ட்ராவின் வண்டியை நான் பார்த்திருந்தேன்,
கண்ணாடியில் விரிசல்,
ஒரு டயர் வேறு அளவு.

உத்தரவில் முத்திரை குத்தினேன்.
அவர் மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.
கதவருகே திரும்பி,
வழக்கமாகக் கேட்கிறவர் போல,
சாலை எப்படி இருக்கிறது, அம்மா?

நீதிபதி கண்ணை மூடிக்கொண்டார்.
காற்று வடமேற்கு. ரயில்வே கேட் வரை திறந்திருக்கிறது.
அதற்கு அப்பால்
இப்போது எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் எண்பது சொற்களுக்குள் எப்படி எழுத?
எடைச்சீட்டு எழுதினார். தொலைபேசி எடுத்தார்.
தேர்ந்தெடுக்கப்பட்டார். கேட்கிறார்.
இவ்வளவுதான் அனுப்பினேன்.

மீதியைக் கவுண்டியே நிரப்பிக்கொண்டது.
பலகையில் 'அர்ப்பணிப்பு' இரண்டு முறை வருகிறது,
ட்வைட் என்பதில் எழுத்துப்பிழை.
அவர் இன்னும் பார்க்கவில்லை.
எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் வருகிறார்,
தீயணைப்பு வண்டியைச் சுற்றிக்கொண்டு.